ஐம்பது வயசில் இருபது!

போன மாதம் ஒரு நாள், பீரோவுக்கு அடியில் எதையோ துழாவும்போது பழைய ஷூ ஒன்று கையில் தட்டுப்பட்டது. ஒரு காலத்தில் விடியற்காலையில் எழுந்து தினமும் ஓடியவன் நான். பிறகு வேலை மாற்றம், வீடு மாற்றம், மழை, முழங்கால் வலி என்று ஒவ்வொரு காரணமாகச் சேர்ந்து பதினோரு வருஷம் ஓடிவிட்டது. வருஷம்தான் ஓடியது. நான் ஓடவில்லை!

‘பழகின உடம்புதானே’ என்கிற தைரியத்தில் மறுநாள் காலை மெரினாவுக்குப் போனேன். கண்ணகி சிலை அருகே கிளம்பினேன். உழைப்பாளர் சிலை வருவதற்குள் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. ஓரமாக உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் அருகில் வந்து, ‘‘தம்பி, தண்ணி வேணுமா?’’ என்றார். எழுபது வயசாவது இருக்கும். முதுகுப் பக்கம் சட்டை நனைந்திருந்தது. எனக்கு முன்னாலேயே வந்து ரெண்டு ரவுண்டு முடித்திருக்கிறார்!

வெட்கம்தான். ஆனால், வீட்டுக்குத் திரும்பும் வழியில் மனசுக்கு ஒரு சமாதானம் கிடைத்தது. உலகப் புகழ்பெற்ற ஓர் ஆசாமிக்கே இதே கதி நேர்ந்திருக்கிறது. அவர் பட்ட அந்த அவமானத்தால்தான், இன்று பூங்காவைச் சுற்றி நாம் செய்கிற ‘ஜாகிங்’ உலகம் முழுக்கப் பரவியது!

அவர் பெயர் பில் பவர்மேன். அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் ஓட்டப் பயிற்சியாளர். 1962-ல் அவருடைய மாணவர்கள் நாலு பேர், நான்கு மைல் தொடர் ஓட்டத்தில் உலக சாதனை படைத்தார்கள். அதற்கு முன் அந்தச் சாதனை நியூஸிலாந்துக்காரர்கள் கையில் இருந்தது. ‘எங்கள் ஊருக்கு வாருங்களேன்’ என்று அழைப்பு வர, அந்த வருஷக் கடைசியில் பசங்களோடு விமானம் ஏறினார் பவர்மேன்.

அங்கே அவரை வரவேற்றவர் ஆர்தர் லிடியார்ட். இவர் கதையும் சுவாரஸ்யமானதுதான். செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இளமையில் ரக்பி ஆடியவர் என்பதால், தன் உடம்பு இரும்பு என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள், தன்னைவிட வயதில் மூத்த ஒரு நண்பரோடு சில மைல் ஓடிப் பார்த்தார். நுரையீரல் வெளியே வந்துவிடும் போலிருந்தது. ‘இப்பவே இப்படின்னா, இன்னும் இருபது வருஷம் கழிச்சு?’ என்று பயம் பிடித்துக்கொள்ள, தன் உடம்பையே சோதனைச்சாலையாக்கி வருஷக்கணக்கில் ஓடினார். எவ்வளவு தூரம், எவ்வளவு மெதுவாக, எப்போது வேகமாக என்று ஒரு முறையை உருவாக்கினார். 1960 ரோம் ஒலிம்பிக்கில், ஒரே நாள் பிற்பகலில், அவருடைய சிஷ்யர்கள் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் முர்ரே ஹால்பர்க் 5,000 மீட்டரிலும் தங்கம் வாங்கினார்கள்.

லிடியார்ட் அதோடு நிற்கவில்லை. ஆக்லாந்து நகரத்தில் தொப்பை விழுந்த நடுத்தர வயசுக்காரர்களையும், மாரடைப்பு வந்து பிழைத்தவர்களையும் சேர்த்து மெதுவாக ஓடவைத்தார். மாரடைப்பு வந்தால் வாரக்கணக்கில் படுக்கையிலேயே கிடத்திவைப்பது மருத்துவர்களின் வழக்கமாக இருந்து, அது அப்போதுதான் மெள்ள மாறிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் இதயநோயாளியை ஓடச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ‘நீங்களும் வாங்க’ என்று லிடியார்ட் கூப்பிட, பவர்மேன் கிளம்பினார். அப்போது அவருக்கு வயது 51. ஊருக்கெல்லாம் ஓடச் சொல்லித் தருகிற வாத்தியார். ஆனால், கையில் ஸ்டாப் வாட்ச்சோடு நின்று அடுத்தவர் ஓடுவதைப் பார்த்தே பல வருஷம் ஆகியிருந்தது. மேடு வந்ததும் மூச்சு திணறியது. கூட்டம் எங்கேயோ போய்விட்டது. எழுபதைத் தாண்டிய ஒரு கிழவர் மட்டும் பரிதாபப்பட்டு, வேகத்தைக் குறைத்துக்கொண்டு பேச்சுக் கொடுத்தபடியே கூட வந்தார். பதில் சொல்ல பவர்மேனுக்கு மூச்சில்லை. அந்தக் கிழவர் மாரடைப்பு வந்து பிழைத்தவர் என்பது அப்புறம்தான் அவருக்குத் தெரிந்தது!

பவர்மேன் அந்த இடத்திலேயே முடிவெடுத்தார். நியூஸிலாந்தில் இருந்த மிச்ச நாட்களில் தினமும் ஓடினார். இளைத்துப்போய் 1963-ல் ஊர் திரும்பி, ‘ஓட வாருங்கள்’ என்று உள்ளூர்க்காரர்களைக் கூப்பிட்டார். முதலில் ஏதோ கொஞ்சம் பேர் வந்தார்கள். வாராவாரம் கூட்டம் பெருகியது. ‘யாராவது மயங்கி விழுந்தால் என்ன செய்வது?’ என்று பவர்மேனே பயந்துபோய், இதயநோய் மருத்துவர் வால்டோ ஹாரிஸைத் துணைக்கு அழைத்தார். இருவரும் சேர்ந்து 1967-ல் ‘ஜாகிங்’ என்று ஒரு புத்தகம் போட்டார்கள். பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. (இதே பவர்மேன்தான் பில் நைட்டோடு சேர்ந்து 1964-ல் ஒரு ஷூ வியாபாரத்தில் இறங்கியவர். அதுதான் பின்னாளில் ‘நைக்கி’. மனைவியின் வாஃபிள் சுடும் கருவியில் ரப்பரை ஊற்றி ஷூவுக்கு அடிப்பாகம் செய்து பார்த்து, கருவியைப் பாழாக்கியவரும் இவர்தான்!)

அதே காலகட்டத்தில் இன்னொருவர். கென்னத் கூப்பர் என்ற டாக்டர். பள்ளியில் ஓட்ட வீரர். பிறகு படிப்பு, வேலை என்று உட்கார்ந்து சுமார் 18 கிலோ ஏறியிருந்தார். 29 வயசில், பழைய நினைப்பில் தண்ணீர்ச் சறுக்கு விளையாடப் போனவருக்கு, இதயம் தறிகெட்டுத் துடித்தது. மாரடைப்புதான் என்று நினைத்துவிட்டார். மாரடைப்பு இல்லை, வெறும் உடற்பயிற்சிப் பஞ்சம்! மறுபடி ஓட ஆரம்பித்து, எடையைக் குறைத்து, 1968-ல் ‘ஏரோபிக்ஸ்’ என்ற புத்தகத்தை எழுதினார். பிரேசிலில் மெதுவோட்டத்துக்குப் பெயரே ‘கூப்பர்’தான்.

சரி, எல்லோரும் திரும்ப ஓடினார்கள். ஆனால், விட்டது நிஜமாகவே திரும்பக் கிடைக்குமா? இந்தக் கேள்விக்கு டல்லாஸ் நகரத்தில் ஒரு பதில் இருக்கிறது. அதற்கு முப்பது வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

1966. ஸ்வீடனைச் சேர்ந்த பெங்ட் சால்டினும் டல்லாஸ் மருத்துவர்களும் சேர்ந்து, இருபது வயசு இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்கவைத்தார்கள். எழுந்து நடக்கக்கூடக் கூடாது. மூன்று வாரம் கழித்து சோதித்தால், உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் கால் பங்குக்கும் மேல் சரிந்திருந்தது! பிறகு எட்டு வாரம் பயிற்சி கொடுத்ததும் எல்லோரும் தேறிவிட்டார்கள்.

கதை இங்கே முடியவில்லை. 1996-ல் அதே ஐந்து பேரையும் தேடிப்பிடித்தார்கள். இப்போது வயது ஐம்பது. சராசரி எடை 77 கிலோவிலிருந்து 100 கிலோவாகியிருந்தது. கொழுப்பின் விகிதம் இரண்டு மடங்கு. மறுபடியும் சோதித்தார்கள். முடிவைப் பார்த்தால், முப்பது வருஷ முதுமை செய்த சேதத்தைவிட, அன்று மூன்று வாரம் படுத்துக் கிடந்ததால் வந்த சேதம்தான் அதிகம்!

வயசு நம் விரோதி இல்லை சார். நாற்காலிதான்!

அடுத்து ஐவருக்கும் ஆறு மாதம் பயிற்சி. நடை, மெதுவோட்டம், சைக்கிள். சின்ன அளவில் ஆரம்பித்து, வாரத்துக்கு நாலு மணி நேரத்தை ஒட்டிக் கொண்டுபோனார்கள். எடை என்னவோ நாலைந்து கிலோதான் குறைந்தது. ஆனால், ஆக்சிஜன் திறன்? இருபது வயசில், படுக்கைக்குப் போவதற்கு முன்பு இருந்த அதே அளவுக்குத் திரும்பிவிட்டது. இருபது வயசில் பயிற்சி முடித்தபோது எட்டிய உச்சத்தை மட்டும் யாராலும் தொட முடியவில்லை. இதில் இன்னொரு விஷயம்: ஐம்பதில் இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளுகிற ரத்தத்தின் அளவு கூடவில்லை. வந்த ரத்தத்திலிருந்து ஆக்சிஜனை இன்னும் கெட்டியாக உறிஞ்சிக்கொள்ளத் தசைகள் கற்றுக்கொண்டன. வருமானம் கூடாவிட்டாலும் சிக்கனமாகக் குடித்தனம் நடத்துகிற மாதிரி.

இதைப் படித்ததும் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். ஜிம் ஃபிக்ஸ் கதையையும் கேட்டுவிட்டுப் போங்கள்.

அமெரிக்கப் பத்திரிகைக்காரர். அப்பாவுக்கு 35 வயசில் மாரடைப்பு, 43-ல் மரணம். மகனும் அதே 35-ல் விழித்துக்கொண்டார். நூறு கிலோவை நெருங்கிய உடம்பு, தினமும் ரெண்டு பாக்கெட் சிகரெட். ரெண்டையும் உதறிவிட்டு ஓடினார். 1977-ல் ஓட்டத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் விற்பனையில் சக்கைப்போடு போட்டது. அதைப் படித்துவிட்டு ஓட வந்தவர்கள் ஏராளம். 1984 ஜூலை 20. வெர்மான்ட் மாநிலத்தில் ஹார்ட்விக் என்ற சின்ன ஊர்ச் சாலை. தினசரி ஓட்டத்துக்குக் கிளம்பிய ஜிம் ஃபிக்ஸ், சாலையோரம் சரிந்து இறந்துபோனார். வயது 52. பிரேதப் பரிசோதனையில், இதயத்தின் ஒரு ரத்தக்குழாய் 95 சதவிகிதம், இன்னொன்று 85 சதவிகிதம் அடைத்திருந்தது.

‘பார்த்தியா, ஓடினதாலதான் செத்தான்’ என்று சோபாவில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் சந்தோஷமாகச் சொன்னார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அப்பாவைவிட ஒன்பது வருஷம் கூடுதலாக வாழ்ந்திருக்கிறார். ஆனால், தன் கிளினிக்குக்கு வந்தவரை ட்ரெட்மில் சோதனை செய்துகொள்ளச் சொன்னதாகவும், ஃபிக்ஸ் மறுத்துவிட்டதாகவும் கூப்பர் பின்னர் எழுதினார். ஓட்டம் நல்ல மருந்துதான். ஆனால், ரத்தத்தோடு வந்த நோய்க்கு அது முழுக் கவசம் இல்லை.

நானும் டாக்டரைப் பார்த்தேன். என் அப்பாவுக்கும் இதயத்தில் கோளாறு இருந்தது. அதை இத்தனை வருஷமாக எந்த டாக்டரிடமும் நான் சொன்னதில்லை. ஈ.சி.ஜி., ட்ரெட்மில் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, ‘‘ஓடுங்க. ஆனா, பேசிக்கிட்டே ஓட முடியற வேகத்துலதான் ஓடணும்’’ என்றார். லிடியார்டும் பவர்மேனும் சொன்ன அதே அளவுகோல்! இன்னொன்றும் சொன்னார். மூச்சு சில வாரங்களில் சரியாகிவிடும். எலும்பும் தசைநாரும் பலப்பட மாதங்கள் பிடிக்கும். ‘மூச்சுதான் வந்துடுச்சே’ என்று அவசரப்பட்டுத்தான் பலர் காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

இப்போது ஒரு நிமிஷம் ஓட்டம், ரெண்டு நிமிஷம் நடை. பழைய நான் பார்த்தால் சிரிப்பான். சிரிக்கட்டும். அவன் நின்றுபோய் பதினோரு வருஷமாகிறது.

நேற்று அந்தப் பெரியவரை மறுபடி பார்த்தேன். ‘‘என்ன தம்பி, இன்னிக்குத் தண்ணி வேணாமா?’’ என்று கேட்டுக்கொண்டே கடந்தார். ‘‘வேணாம் சார்’’ என்றேன்.

ஓடிக்கொண்டேதான் சொன்னேன்!