மருந்தும் மாறும் கிருமியும்

வரலாறு எழுதுவோர் போர்களையும் பேரரசுகளையும் விரித்துரைப்பர். நோயோடு மனிதன் நடத்திய போராட்டமும் வரலாறேயாகும். அத்தகைய போராட்டங்களுள் எச்.ஐ.வி. கிருமியை எதிர்த்து நிகழ்ந்தது தனித்தன்மை வாய்ந்தது. மருந்து கண்ட பின்னரும் அது முடியவில்லை.

சிங்கப்பூரில் இக்கிருமி 1985இல் முதன்முதலாகக் கண்டறியப்பெற்றது. மறு ஆண்டு, சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி நிர்மலா இரத்த மாதிரிகளைத் திரட்டினார். வேலூரில் அவற்றைச் சோதித்தபோது ஆறு பேரிடம் கிருமி இருப்பது தெரிந்தது. இந்தியாவில் அதுவே முதற்சான்று. அவர்களுக்குக் கொடுக்க அன்று மருந்தே இல்லை.

1964இல் புற்றுநோய்க்கென ஆக்கப்பட்டுப் பயன்படாது ஒதுக்கப்பட்ட சிடோவுடின், 1987இல் அமெரிக்காவில் இந்நோய்க்கு முதல் மருந்தாக ஒப்புதல் பெற்றது. மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அம்மருந்தை ஆறு திங்களும் அதற்கு மேலும் உண்டவர்களிடம் கிருமி அதற்கு அடங்க மறுத்ததை 1989இல் ஆய்வாளர் வெளியிட்டனர்.

இதன் காரணம் யாது? பாடத்தைப் படியெடுக்கும் மாணவன் பிழை செய்தால் ஆசிரியர் திருத்துவார். ஏறத்தாழ 9,700 எழுத்துகள் கொண்ட தன் மரபுச் செய்தியைப் படியெடுக்கும் இக்கிருமிக்குத் திருத்துவாரில்லை. மருந்துண்ணாத நோயாளியின் உடலில் நாளொன்றுக்கு ஆயிரங்கோடி அளவில் கிருமிகள் பிறக்கின்றன. பிழைகளும் உடன் பிறக்கின்றன. அவற்றுட் பல பயனற்றவை. சில, தற்செயலாக மருந்தைத் தடுப்பவை. மருந்து அத்திரிபை உண்டாக்குவதில்லை. மற்றவற்றை அடக்கி, திரிந்ததற்கு இடம் விட்டுவிடுகிறது.

படியெடுக்கும் நொதியில் 103ஆம் இடத்தில் நேரும் ஒரே மாற்றம் நெவிரபினையும் எபவிரென்சையும் ஒருங்கே பயனற்றவையாக்கும். 184ஆம் இடத்து மாற்றம் லாமிவுடினை முறியடிக்கும். 1993இல் சுனிதி சாலமன் சென்னையில் நிறுவிய ஒய்.ஆர்.ஜி. கேர் நிலையத்தின் ஆய்வுகளில், முதல்நிலை மருந்துகள் பலிக்காதவர்களிடம் 184ஆம் இடத்துத் திரிபு மிகுதியாகக் காணப்பட்டது.

மூன்று மருந்துகளை ஒருங்கே கொடுத்தால், தப்பிப் பிழைக்கக் கிருமி ஒரே வேளையில் பல திரிபுகளைப் பெற்றாக வேண்டும்; அது அரிது. 1996இல் உறுதிப்பட்ட இம்முறை சாவைப் பெரிதும் குறைத்தது. ஆயினும் விலை கட்டுக்கடங்காதிருந்தது. கையில் பணமுள்ள மாதம் உண்டு, இல்லாத மாதம் நிறுத்துவோரின் உடலில் மருந்து குறைந்தது. திரிந்த கிருமி தழைத்தது. இது நோயாளியின் குற்றமன்று, வறுமையின் விளைவு.

2001இல் சிப்லா நிறுவனம் மூன்று மருந்துகளையும் சேர்த்து நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத் தர முன்வந்தது. 2004 ஏப்ரல் முதல் நாள் இந்திய அரசின் இலவச மருத்துவம் தொடங்கிற்று. தாம்பரம் மருத்துவமனையும் தொடக்க நிலையங்களுள் ஒன்று. சிங்கப்பூரிலும் 2020இல் இம்மருந்துகளுக்கு அரசின் உதவித்தொகை கிடைத்தது.

மருந்தைக் கண்டுபிடித்தல் பாதி வெற்றியே. அஃது ஒருநாளும் தடைப்படாமல் ஏழையின் கைக்கும் எட்டுவதே மறுபாதி. திரிந்த கிருமி பிறருக்கும் பரவவல்லது. ஆதலின், ஒருவருக்குத் தடையின்றி மருந்தளிப்பது ஊரையே காப்பதாகும்.