குடிமதிப்பும் கொடிவழியும்

குடும்பமொன்றின் கொடிவழியை ஆராய்வார்க்கு அரசினர் எடுத்த பழைய குடிமதிப்புக் கணக்குகள் சிறந்த சான்றுகளாகும். எனினும், அக்கணக்கு எந்நோக்கம் பற்றி எடுக்கப்பெற்றது என்பதை உணர்ந்தாலன்றி, அது கூறுவதையும் கூறாது விடுவதையும் நாம் செவ்விதின் அறிதல் இயலாது. இதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குடிமதிப்பு தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

அந்நாட்டின் முதற் குடிமதிப்பு 1790-இல் நிகழ்ந்தது. மாநிலங்களுக்குரிய பிரதிநிதிகளின் தொகையை வரையறுப்பதே அதன் முதன்மையான நோக்கம். 1787-இல் இயற்றப்பெற்ற அரசியலமைப்பு, அடிமைகளின் தொகையில் ஐந்தில் மூன்று பங்கை இதற்குக் கணக்கிட விதித்தது. எனவே, வேண்டப்பட்டது தொகையே, பெயரன்று. 1840 முடியக் குடும்பத் தலைவர் பெயரே பதியப்பெற்றது. ஏனையோர் எண்களாகவே நின்றனர். 1790-இல் எண்ணப்பட்ட ஏறத்தாழ 39 இலட்சம் மக்களுள் அடிமைகள் 7 இலட்சத்தை ஒட்டியவராவர்.

1850-இல் அடிமையல்லாதார் அனைவரின் பெயரும், வயதும், பிறந்த இடமும் எழுதப்பெற்றன. அடிமைகளின் பெயரையும் எழுதல் வேண்டும் என்ற முன்மொழிவு செனட் அவையில் நீக்கப்பட்டது. அதனால் 1850, 1860 ஆகிய ஆண்டுகளின் அடிமைப் பட்டியல்களில், மிகச் சில இடங்கள் நீங்கலாக, உடையவர் பெயரின் கீழ் வயது, பால், நிறம் ஆகியனவே காணப்படுகின்றன. அவர்கள் பெயரற்றவரல்லர், அவர்தம் பெயர் எழுதப்படாமல் விடப்பட்டது என்பதே உண்மை.

விடுதலை பெற்றோர் அனைவரும் பெயருடன் இடம்பெற்ற முதற் கணக்கு 1870-ஆம் ஆண்டினது. ஆயினும், குடும்பத் தலைவர்க்கு ஒவ்வொருவரும் என்ன உறவினர் என்பதை அது குறிக்கவில்லை. அக்குறிப்பு 1880-இலேயே தோன்றுகின்றது. 1890-ஆம் ஆண்டுக் கணக்கின் பெரும்பகுதி 1921-இல் நேர்ந்த தீயினாலும் அதன் பின்விளைவுகளாலும் அழிந்தது.

ஆகவே, ஆராய்ச்சியாளர் 1880-இலிருந்து 1870-க்குப் பின்னோக்கிச் செல்லுதல் முறை. 1870-இல் முப்பது வயதினள் எனப்பட்ட ஒருத்தியை, 1860-ஆம் ஆண்டுப் பட்டியலில் இருபது வயதுப் பெண்ணாகத் தேடலாம். ஆனால், வயதொற்றுமை ஒன்றே கொண்டு இருவரும் ஒருவரே எனத் துணிதல் பிழையாகும். வயதுகள் பெரும்பாலும் உத்தேசமானவை. ஒரே வயதினர் பலர் ஓரிடத்தே இருந்திருத்தலும் கூடும். உடையவரின் இறப்புச் சாசனம், சொத்துப் பட்டியல், விற்பனைப் பத்திரம் ஆகியவற்றில் அடிமைகளின் பெயர்கள் பலகால் காணப்படும். 1865-இல் நிறுவப்பெற்று 1874-இல் மூடப்பட்ட விடுதலை பெற்றோர் சேமிப்பு வங்கியின் பதிவேடுகள், பணமிட்டோரின் பெற்றோர், உடன்பிறந்தார் பெயர்களையும் பலவிடத்துக் குறிக்கின்றன. இத்தகைய சான்றுகளோடு ஒத்துவந்தாலன்றி அம்முடிபு ஊகமேயாகும்.

மனிதரை உடைமையாக எண்ணிய ஏடுகளிலிருந்தே அம்மனிதர்தம் பெயர்களை இன்று மீட்க வேண்டியுள்ளது. ஆதலின், குடிமதிப்பில் ஒருவர் பெயர் இல்லாமை கொண்டு அவர் இலர் எனக் கொள்ளற்க. அப்பெயரை விடுத்தவர் யாவர், விடுத்தது எதன்பொருட்டு என வினவுதலே வரலாற்றாசிரியன் கடனாகும்.