குரங்கும் ஆமையும் யாருடையவை? பிலிப்பைன்ஸில் பன்னாட்டுச் சிறுவர் தொலைக்காட்சியின் உள்ளூர்மயமாக்கம்

1889ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், இலண்டனில் வெளிவந்துகொண்டிருந்த 'துருப்னர் கீழ்த்திசைப் பதிவேடு' என்னும் இதழில் ஹோசே ரிசால் ஒரு சிறு கட்டுரை எழுதினார். பிலிப்பைன் நாட்டுப்புறக் கதையொன்றையும் ஜப்பானியக் கதையொன்றையும் ஒப்பிட்ட கட்டுரை அது. பிலிப்பைன் கதையில், ஆற்றில் மிதந்து வந்த வாழை மரமொன்றைக் குரங்கும் ஆமையும் பங்கிட்டுக்கொள்கின்றன. இலை தழைத்த மேற்பாதியைக் குரங்கு எடுத்துக்கொள்ள, வேருள்ள அடிப்பாதி ஆமையின் பங்காகிறது. மேற்பாதி வாடிப்போகிறது, அடிப்பாதி குலை தள்ளுகிறது. இக்கதைக்கு ரிசால் படங்களும் வரைந்துள்ளார். பிலிப்பைன்ஸில் ஆண்டுதோறும் ஜூலை மாதத்து மூன்றாம் செவ்வாய்க்கிழமை தேசியச் சிறுவர் நூல் நாளாகக் கொண்டாடப்படுவது இக்கட்டுரை வெளிவந்ததன் நினைவாகவேயாம்.

ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின்னர், அந்நாட்டுத் தொலைக்காட்சியில் ஒரு குரங்குப் பொம்மையும் ஓர் ஆமைப் பொம்மையும் தோன்றின. குரங்கின் பெயர் கிக்கோ மட்சிங். ஆமையின் பெயர் பொங் பகொங். மட்சிங், பகொங் ஆகியன தகலாக் மொழியில் முறையே குரங்கையும் ஆமையையும் குறிக்கும் சொற்களே. ஆயினும் சட்டத்தின் பார்வையில் இவ்விரண்டும் பிலிப்பைன்ஸுக்குச் சொந்தமானவை அல்ல. நியூயார்க்கிலிருந்த ஒரு நிறுவனத்தின் உடைமையாகவே அவை இருந்தன. பன்னாட்டுச் சிறுவர் தொலைக்காட்சி ஒரு நாட்டுக்கு ஏற்ப மாற்றப்படும்போது எவையெல்லாம் மாறுகின்றன, மாற்றப்பட்டவை இறுதியில் யாரிடம் தங்குகின்றன என்னும் வினாவை இங்கிருந்து தொடங்குவது பொருத்தமெனக் கருதுகிறோம்.

உள்ளூர்மயமாக்கம் என்றவுடன் டப்பிங் எனப்படும் மொழிமாற்றுக் குரல்பதிவே நம் நினைவுக்கு வருகிறது. இது இயல்பே. ஆஸ்ட்ரோ வழியாக வரும் பன்னாட்டு அலைவரிசைகளை மலாய்க் குரலோடோ மலாய் எழுத்தோடோ பார்ப்பது மலேசிய வாசகர்க்குப் பழகிய ஒன்று. இந்தியாவில் கார்ட்டூன் நெட்வொர்க் 1990களின் இறுதியில் இந்தியோடு தமிழிலும் பேசத் தொடங்கியது; 2007ஆம் ஆண்டில் சுட்டி டிவி தோன்றியது. பிலிப்பைன்ஸின் வரலாறு இவற்றிலிருந்து விலகி நிற்கிறது. அங்குப் பன்னாட்டு அலைவரிசைகள் நெடுங்காலம் ஆங்கிலத்திலேயே பேசின. அந்நாட்டு மக்களுக்கு ஆங்கிலம் தெரியும் என்னும் கணக்கே இதற்கு அடிப்படை. அக்கணக்கு யாருக்குப் பொருந்தியது, யாருக்குப் பொருந்தவில்லை என்பதில்தான் செய்தியின் உள்ளடக்கம் இருக்கிறது.

அமெரிக்க ஆட்சி 1898 முதல் 1946 வரை நீடித்தது. பள்ளிக்கூடத்து மொழியாக ஆங்கிலம் வேரூன்றியது அக்காலத்திலேதான். 1974ஆம் ஆண்டின் இருமொழிக் கல்விக் கொள்கை, கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்திற்கும், சமூகவியல் பாடங்களைப் பிலிப்பினோ மொழிக்கும் பகுத்துக் கொடுத்தது. தொலைக்காட்சியும் ஏறக்குறைய இதே பகுப்பைப் பின்பற்றியது எனலாம். நகைச்சுவையும் கண்ணீரும் பிலிப்பினோவில்; கேலிச்சித்திரப் படங்கள் ஆங்கிலத்தில். ஜப்பானில் உருவான 'வோல்ட்டஸ் ஃபைவ்' என்னும் இயந்திர மனிதத் தொடர்கூட, 1978ஆம் ஆண்டில் ஜிஎம்ஏ நிலையத்தில் ஆங்கிலக் குரலோடுதான் வந்தது. அதன் தொடக்கப் பாடலை மட்டும் யாரும் மாற்றவில்லை. பிலிப்பைன் சிறுவர் அதனை ஜப்பானிய மொழியிலேயே மனப்பாடம் செய்தனர். 1979ஆம் ஆண்டில், இறுதிப் பகுதிகள் சிலவே எஞ்சியிருந்த நிலையில், மார்க்கோஸ் அரசு இத்தொடரைத் தடைசெய்தது. வன்முறை சிறுவரைக் கெடுக்கும் என்பது அரசு கூறிய காரணம். கொடுங்கோலுக்கு எதிரான கிளர்ச்சியைக் கதை பேசியதே உண்மைக் காரணம் எனப் பலர் இன்றும் நம்புகின்றனர். 1986ஆம் ஆண்டின் மக்கள் எழுச்சிக்குப் பின்னர் தொடர் திரும்பிவந்தது. 1999ஆம் ஆண்டில் பிலிப்பினோ பேசியது. 2023ஆம் ஆண்டில் அதே ஜிஎம்ஏ நிலையம் அதனைப் பிலிப்பைன் நடிகர்களைக் கொண்டு புதிதாகவே எடுத்து ஒளிபரப்பியது. எவரும் திட்டமிடாத உள்ளூர்மயமாக்கம் என இதனைக் குறிப்பிடலாம்.

திட்டமிட்ட உள்ளூர்மயமாக்கத்திற்கு எடுத்துக்காட்டு 1983ஆம் ஆண்டில் வந்த 'செசமி!' அமெரிக்காவின் சிறுவர் தொலைக்காட்சிப் பணிமனை, தனது 'செசமி ஸ்திரீட்' நிகழ்ச்சியைப் பிலிப்பைன்ஸுக்கென உள்நாட்டாரோடு இணைந்து உருவாக்கிய வடிவம் அது. ஆங்கிலமும் பிலிப்பினோவும் கலந்த இருமொழி நிகழ்ச்சி. கிக்கோவும் பொங்கும் பிறந்தது இங்கேதான். ஓராண்டுக்குள் பிலிப்பைன் சிறுவர் தொலைக்காட்சி அறக்கட்டளை அமைந்தது. 1985ஆம் ஆண்டில் அவ்வறக்கட்டளை 'பாட்டிபோட்' என்னும் நிகழ்ச்சியைப் பிலிப்பினோ மொழியில் தொடங்கியது. பாட்டிபோட் என்றால் உருவில் சிறியதாயினும் உறுதியானது என்று பொருள். கடுகின் காரத்தைச் சொல்லும் நம் பழமொழி அறிந்தவர்க்கு இப்பெயரை விளக்க வேண்டியதில்லை.

பெயர் மாற்றத்தோடு நின்றுவிடவில்லை என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. நாடகாசிரியரும் சிறுவர் எழுத்தாளருமான ரெனே வில்லனுவேவா தலைமை எழுத்தாளராகப் பணியாற்றினார். நிகழ்ச்சியின் பெரியவர்கள் 'கூயா' போஜி, 'ஆத்தே' சியென்னா என்று அழைக்கப்பட்டனர். கூயா அண்ணன், ஆத்தே அக்காள். இரண்டும் ஹொக்கியன் சீனத்திலிருந்து தகலாக்கிற்கு வந்து, வந்த சுவடே தெரியாமல் கலந்துவிட்ட உறவுச் சொற்கள். (ஆத்தே என்னும் ஒலி தமிழ்க் காதுக்கு அந்நியமாகப் படாதது தற்செயலே, ஆய்வுக்குரிய தொடர்பு எதுவுமில்லை.) அமெரிக்க மூலத்தில் பெரியவர்களைச் சிறுவர் பெயர் சொல்லியே அழைப்பர். பிலிப்பைன் சிறுவன் அவ்வாறு அழைத்தால் அது மரியாதைக் குறைவாகும். குறிசொல்லும் மணாங் போலா வந்தாள். வேற்றுக்கோளிலிருந்து இறங்கிய இரு உயிர்களுக்குச் சிட்சிரிட்சிட், அலிபங்பங் என ஒரு நாட்டுப்புறப் பாடலிலிருந்து பெயர் எடுக்கப்பட்டது. வானூர்தியில் வந்தவர்க்கும் ஊர்ப்பெயர் சூட்டிய இந்த எழுத்தாளர் குழுவின் துணிவு நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஆனால், உரிமம் முடிந்ததும் கிக்கோவும் பொங்கும் நிகழ்ச்சியிலிருந்து விலக்கப்பட்டன. மொழி அறக்கட்டளையுடையது, பாடல்கள் அறக்கட்டளையுடையவை, பொம்மைகள் மட்டும் பணிமனையுடையவை. ரிசால் வரைந்த குரங்கும் ஆமையும் எவருக்கும் சொந்தமாகாத பொதுச்சொத்து. கம்பளியும் நுரைப்பஞ்சும் கொண்டு தைக்கப்பட்ட பின்னரோ அவை ஓர் ஒப்பந்தத்தின் இணைப்புப் பட்டியலில் இடம்பெற்றன. உரிமையாளரைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. உலகெங்கும் நடைமுறை இதுவே. ஆயினும் உள்ளூர்மயமாக்கத்தை ஆராய்வோர் மொழிபெயர்ப்பின் தரத்தை அளப்பதோடு நிறுத்திக்கொண்டால், இத்தகைய உண்மை கண்ணில் படாமலே போய்விடும்.

1990களில் சந்தை தன் வழியே நகர்ந்தது. ஏபிஎஸ்-சிபிஎன் நிலையம் 'பிரின்சஸ் சாரா' என்னும் ஜப்பானிய அசைவூட்டத் தொடரைத் தகலாக்கில் ஒளிபரப்பிப் பெருவெற்றி கண்டது. ஆங்கில நாவல், ஜப்பானியச் சித்திரம், தகலாக் குரல். கதையில் வரும் ராம்தாஸ் என்னும் இந்தியப் பணியாளரும் மணிலாவின் மொழியையே பேசினார். 1995ஆம் ஆண்டில் இக்கதை பிலிப்பைன் நடிகர்களைக் கொண்டு திரைப்படமாகவும் வந்தது. 1996ஆம் ஆண்டில் மெக்சிக்கோவின் 'மரிமார்' தொடர் தகலாக் பேசி நாட்டையே கட்டிப்போட்டபோது, டப்பிங் இலாபம் தரும் என்பதில் எவருக்கும் ஐயமிருக்கவில்லை. 1997ஆம் ஆண்டின் சிறுவர் தொலைக்காட்சிச் சட்டம், நாள்தோறும் ஒளிபரப்பு நேரத்தில் 15 விழுக்காடு சிறுவர்க்குரியதாக இருத்தல் வேண்டும் என விதித்தது. அந்நேரத்தின் மொழி சிறுவர்க்கு விளங்க வேண்டுமல்லவா?

இதே காலத்தில்தான் பன்னாட்டு அலைவரிசைகள் கேபிள் வழியாக நுழைந்தன. கார்ட்டூன் நெட்வொர்க் 1994ஆம் ஆண்டிலும் நிக்கலோடியன் 1998ஆம் ஆண்டிலும் இவ்வட்டாரத்திற்கு வந்தன. பிலிப்பைன் பார்வையாளர்க்கென அவை உள்ளூர் விளம்பரங்களையும் அறிவிப்புகளையும் சேர்த்தன. நிகழ்ச்சியின் குரலோ ஆங்கிலமாகவே இருந்தது. அதே நிக்கலோடியனின் 'ஸ்பொஞ்ச்பாப்' ஏபிஎஸ்-சிபிஎன்னின் இலவச ஒளிபரப்பில் தகலாக் பேசியது. ஆக, மாதக் கட்டணம் செலுத்தும் வீட்டுக் குழந்தை ஒரு மொழியிலும், கூரை அலைவாங்கியை நம்பிய வீட்டுக் குழந்தை வேறொரு மொழியிலும் ஒரே பாத்திரத்தைச் சந்தித்தன. உள்ளூர்மயமாக்கம் நாட்டின் எல்லையில் நிகழ்ந்ததைவிட வருமானத்தின் எல்லையில்தான் நிகழ்ந்தது என்பது நம் துணிபு.

மொழிபெயர்ப்பாளரின் மேசையில் என்ன நிகழ்கிறது என்பதையும் தமிழாசிரியர் அறிதல் நன்று. ஆங்கிலத்தில் தன்மைப் பன்மை ஒன்றே. தகலாக்கிலோ கேட்பவரை உட்படுத்தும் 'தாயோ', உட்படுத்தாத 'கமி' என இரண்டு உண்டு. தமிழின் நாம், நாங்கள் போல. மலாயின் கித்தா, காமி போல. திரையிலிருக்கும் டோரா பயணத்தை முடித்து வெற்றியைக் கொண்டாடுகையில், அவ்வெற்றி அவளுக்கும் அவள் நண்பனாகிய குரங்குக்கும் மட்டுமே உரியதா, வீட்டில் அமர்ந்திருக்கும் குழந்தைக்கும் உரியதா? ஆங்கில மூலம் இதனைத் தீர்மானிக்காமல் விட்டுவிடலாம். தகலாக்கும் தமிழும் விட முடியாது. 'போ' என்னும் மரியாதை இடைச்சொல்லும் இத்தகையதே. யார் யாரிடம் அதைச் சேர்த்துப் பேசவேண்டும் என்பதை மூலம் சொல்வதில்லை. நீ, நீங்கள் என்பவற்றுக்கிடையே தமிழில் குரல்கொடுப்போர் தடுமாறுவதும் இதனாலேயே.

டோராவின் தகலாக் வடிவத்தில் வேறொரு விந்தையும் உண்டு. அமெரிக்க மூலத்தில் டோரா ஆங்கிலம் பேசி ஸ்பானியச் சொற்களைக் கற்பிக்கிறாள். பிலிப்பைன்ஸில் அவள் தகலாக் பேசி ஆங்கிலச் சொற்களைக் கற்பித்தாள். ஸ்பானியம் நீக்கப்பட்டது. ஆனால் முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஸ்பானிய ஆட்சியின் எச்சமாக, மேசைக்கு 'மேசா', சன்னலுக்குப் 'பிந்தானா', கரண்டிக்குக் 'குட்சாரா' என்றே பிலிப்பைன் குழந்தை சொல்கிறது. மணியையும் ஸ்பானிய எண்களில்தான் சொல்லப் பழகுகிறது. மூலத்திலிருந்த மொழி அக்குழந்தையின் வீட்டிலேயே பாதி இருந்தது. அதனை எடுத்துவிட்டு, பள்ளிக்கூடம் விரும்பிய மொழியை வைத்தனர். விற்பனை நோக்கில் இது சரியான முடிவாக இருக்கலாம். வரலாற்று நோக்கில், கைக்கெட்டிய ஒரு பாடம் தவறிப்போயிற்று.

மேலும், பிலிப்பினோ என்பது பெரும்பாலும் மணிலாவின் தகலாக்கே. செபுவானோவும் இலோகானோவும் ஹிலிகாய்னோனும் பேசும் குழந்தைகளுக்கு, இத்தனை முயற்சிக்குப் பின்னரும் தொலைக்காட்சி இரண்டாம் மொழியில்தான் பேசியது. ஆங்கிலத்திலிருந்து விடுவித்த அதே டப்பிங், தலைநகரின் மொழியைத் தீவுதோறும் பரப்பியது. தேசிய மொழியின் வெற்றி எனச் சிலர் இதனைப் பாராட்டுவர். தோட்டப்புறத் தமிழும் ஊடகத் தமிழும் சந்திக்கும் இடத்தில் வகுப்பு நடத்துவோர் சற்றுத் தயங்குவர். கல்வியில் 2012ஆம் ஆண்டு முதல் தொடக்க வகுப்புகளில் தாய்மொழிகள் பயிற்றுமொழியாயின. 2024ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் அக்கட்டாயத்தை நீக்கியது.

2015ஆம் ஆண்டில் ஏபிஎஸ்-சிபிஎன் தனது இலக்கமுறைப் பெட்டியின் வழியே 'யே!' என்னும் சிறுவர் அலைவரிசையைத் தொடங்கியது. வெளிநாட்டு அசைவூட்டப் படங்களைப் பிலிப்பினோவில் தந்த இதற்கு மாதக் கட்டணம் இல்லை. பெட்டியை ஒருமுறை வாங்கினால் போதும். வருமான எல்லையைக் குறித்து மேலே கூறியதை இது ஓரளவு தளர்த்தியது. 2020ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் நிறுவனத்தின் ஒளிபரப்பு உரிமம் காலாவதியாயிற்று. ஜூன் இறுதியில் 'யே!' அலைவரிசையும் நின்றது. கல்விக்கென இயங்கிய நாலெட்ஜ் சேனலும் அப்பெட்டியிலிருந்து மறைந்தது. ஜூலை 10ஆம் நாள் நாடாளுமன்றக் குழு, 70க்கு 11 என்னும் வாக்குகளில் புதிய உரிமத்தை மறுத்தது. பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டுக் குழந்தைகள் வீட்டிலேயே இருந்த மாதங்கள் அவை. மறுபுறம், 2021ஆம் ஆண்டில் டிஸ்னி தன் சிறுவர் அலைவரிசைகளைத் தென்கிழக்காசியாவில் நிறுத்திக்கொண்டு இணையச் சந்தாவுக்கு மாறியது. பிலிப்பைன்ஸில் அச்சேவை 2022ஆம் ஆண்டு நவம்பரில் வந்தது.

பாட்டிபோட் 2010ஆம் ஆண்டில் டிவி5 நிலையத்தில் மீண்டும் உயிர்பெற்றது. மணாங் போலா வந்தாள். சிட்சிரிட்சிட்டும் அலிபங்பங்கும் வந்தன. குரங்கும் ஆமையும் வரவில்லை.