கணவர் பேட்டி தராவிட்டால் சர்வே முடிவு மாறுமா? 'வெயிட்டேஜ்' கணக்கு சொல்வது என்ன?

வீட்டில் பெரிய செலவை யார் முடிவு செய்கிறார்கள்? கணவனும் மனைவியும் இதற்கு ஒரே பதிலைச் சொல்வார்கள் என்று நிச்சயம் கிடையாது. அதனால்தான் சில சர்வேக்களில் இருவரிடமும் தனித்தனியாகக் கேட்கிறார்கள். சரி, கணவர் வீட்டிலேயே இல்லைன்னா?

எத்தனை பேர் பதில் தருகிறார்கள்?

2019-21இல் நடந்த 5ஆவது தேசிய குடும்ப நல ஆய்வில், தேர்வான பெண்களில் 97 சதவீதம் பேர் பேட்டி தந்தனர். ஆண்களில் 92 சதவீதம்தான். ஒருவர் விடுபட்டாலும் அந்த ஜோடியே கணக்கில் வராது.

வெயிட்டேஜ் எப்படி வேலை செய்கிறது?

ஒரு கற்பனைக் கணக்கு. நகரத்தில் 100, கிராமத்தில் 100 ஜோடிகளைத் தேர்வு செய்கிறோம். நகரத்தில் 40 ஜோடிகளும், கிராமத்தில் 80 ஜோடிகளும் பதில் தருகின்றனர். இரண்டு இடத்திலும் தலா 32 ஜோடிகள் 'சேர்ந்துதான் முடிவெடுக்கிறோம்' என்கின்றனர்.

அப்படியே கூட்டினால் 120க்கு 64, அதாவது சுமார் 53 சதவீதம். ஆனால், நகரத்தின் குரல் இதில் பாதியாகக் குறைந்துவிட்டது. அதனால் நகர ஜோடி ஒவ்வொன்றையும் 2.5 ஆகவும், கிராம ஜோடியை 1.25 ஆகவும் எண்ணுகிறார்கள். இப்போது விடை 60 சதவீதம்!

யாருடைய வெயிட்டேஜ்?

கணவருக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று என இரண்டு வெயிட்டேஜ் இருக்கும். பல நாடுகளில் நடக்கும் டிஎச்எஸ் சர்வேக்களில், ஜோடிக்குக் கணவரின் வெயிட்டேஜைப் பயன்படுத்துவதே வழக்கம். பொதுவாக அதிகம் விடுபடுவது ஆண்கள்தான். கணவர் கிடைத்துவிட்டால் மனைவியும் பெரும்பாலும் கிடைத்துவிடுவார். எனவே ஜோடி விடுபடும் அளவுக்கு நெருக்கமாக வருவது கணவரின் கணக்கு.

எதைச் சரிசெய்ய முடியாது?

பதில் தராதவர்களும் அதே பகுதியில் பதில் தந்தவர்களைப் போலத்தான் இருப்பார்கள் என்பதே இந்தக் கணக்கின் நம்பிக்கை. நைட் ஷிப்ட் போகும் கணவரின் வீட்டில் முடிவுகளை மனைவி தனியாக எடுக்கலாம். அப்படிப்பட்ட வீடுகளே அதிகம் விடுபட்டால், வெயிட்டேஜ் போட்டாலும் பிழை போகாது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் கணவர், வீட்டு உறுப்பினர் பட்டியலிலேயே வராமல் போகலாம். அதற்கும் இதில் தீர்வு இல்லை.

அதனால்தான் பூட்டிய வீட்டுக்கும், ஆள் இல்லாத வீட்டுக்கும் சர்வே ஊழியர்கள் திரும்பத் திரும்பப் போகிறார்கள். அடுத்த முறை தம்பதிகள் பற்றிய சர்வே செய்தியைப் பார்த்தால், எத்தனை ஜோடிகளில் இருவருமே பதில் சொன்னார்கள் என்பதையும் பாருங்க.