கீரைப் பாத்தியில் பிறந்த வால்வு

டீசல் பிக்கப் வைத்திருக்கும் யாரிடமாவது "வண்டி இழுக்க மாட்டேங்குது" என்று சொல்லிப் பாருங்க. ஒரே பதில்தான் வரும்: "ஈ.ஜி.ஆரை அடைச்சு விட்ருங்க." சந்தைக்குக் காய் ஏற்றிப்போகிற எங்க பக்கத்து வண்டிகளுக்கு இது பல்வலிக்குக் கிராம்பு மாதிரி ஒரு கைவைத்தியம். நகரத்தில் கார் ஓட்டும் நண்பர்களும் இப்போ இதைப் பற்றிக் கேட்கிறீங்க. அடைக்கலாமா கூடாதா என்பது இருக்கட்டும். அந்த வால்வு எதுக்கு வந்தது? அந்தக் கதை பட்டறையில் தொடங்கலை, கீரைப் பாத்தியில் தொடங்கியது.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் என்றால் உங்களுக்கு ஹாலிவுட். 1940-களில் அதைச் சுற்றி நல்ல விவசாய பூமி. ஆரஞ்சுத் தோப்பு, கீரை, பீட்ரூட், மாட்டுக்குக் குதிரைமசால். 1943 கோடையில் கண் எரிகிற புகைமூட்டம் ஒன்று நகரத்தை மூடியது. போர்க்காலம் வேறு, ஜப்பான்காரன் விஷவாயு போட்டுட்டான் என்றுகூடச் சிலர் பயந்தார்கள். அடுத்த வருஷம் வாக்கில் சுற்றுவட்டாரக் கீரைகளில் இலையின் அடிப்பக்கம் வெள்ளி பூசின மாதிரி மினுங்கி, பிறகு கருகியது. பூச்சியா? இல்லை. பூஞ்சையா? அதுவும் இல்லை. ஊருக்குள் இருந்த செயற்கை ரப்பர் ஆலை மேல் பழியைப் போட்டு, அதைக் கொஞ்ச நாள் நிறுத்தியும் பார்த்தார்கள். புகை போகலை.

கால்டெக்கில் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்று ஒரு வேதியியல்காரர், ஹாலந்தில் பிறந்தவர். அன்னாசிப்பழ வாசனையில் என்னென்ன இருக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். அதே கருவியை வைத்து ஊர்க்காற்றைக் குளிரவைத்துப் பிடித்தபோது, நாற்றமடிக்கிற பழுப்புத் திரவம் சில சொட்டு கிடைத்தது. பிறகு பெட்ரோல் ஆவியையும் நைட்ரஜன் ஆக்சைடையும் கலந்து வெளிச்சம் படவைத்தால், வயலில் பார்த்த அதே காயம் செடிகளில் வருவதைக் காட்டினார். அவரும் கூட்டாளிகளும் 1952-இல் வெளியிட்ட கட்டுரையில் சோதனைக்கு நின்ற செடிகளில் கீரை, பீட்ரூட், ஓட்ஸ், குதிரைமசால் எல்லாம் உண்டு. குற்றவாளி ஆலைப் புகைபோக்கி மட்டுமில்லை. வண்டிப் புகையும் வெயிலும் சேர்ந்து சமைத்த ஓசோனும் அதன் கூட்டாளி வாயுக்களும். எண்ணெய்க் கம்பெனிகள் காசு கொடுத்த ஆய்வகம் இதை ஒத்துக்கலை. மனுஷன் விடலை. சில வருஷத்தில் திராட்சை இலைப் புள்ளிக்கும் புகையிலை இலைப் புள்ளிக்கும் ஓசோன்தான் காரணம் என்று மற்றவர்களும் கண்டுபிடித்தார்கள்.

இந்த நைட்ரஜன் ஆக்சைடு டீசலிலிருந்தோ பெட்ரோலிலிருந்தோ வருவது ரொம்பக் கம்மி. காற்றில் முக்கால் பங்குக்கு மேல் இருக்கும் நைட்ரஜன், சிலிண்டருக்குள் இருக்கும் கடும் சூட்டில் ஆக்சிஜனோடு ஒட்டிக்கொள்வதுதான். அப்போ சூட்டைக் குறைத்தால் போதும். எப்படி? ஏற்கெனவே எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளே விடுவது. எரியாத சாம்பலை அடுப்பில் அள்ளிப் போட்டால் தீ மட்டுப்படுமே, அந்த மாதிரி. இதுதான் ஈ.ஜி.ஆர். கலிபோர்னியா 1971 மாடல் கார்களுக்கு நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு கொண்டுவந்தது. 1973-இல் அமெரிக்கா முழுக்க வரம்பு வர, வால்வும் பரவலாக வந்தது.

வந்ததுமே அடைக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள்! வால்வைத் திறக்கும் வேக்குவம் குழாயில் ஒரு சின்ன பால்ரஸ் குண்டைச் சொருகினால் வேலை முடிந்தது. அன்றைய கார்களில் அந்த வால்வு வண்டியைத் திணறடித்ததும் உண்மைதான்.

டீசலில் இன்னொரு தொல்லை. சூடு குறைந்தால் கரி கூடும். அந்தக் கரியும் இன்ஜின் ஆயில் ஆவியும் சேர்ந்து மேனிஃபோல்டில் தார் மாதிரி அப்பிக்கொள்ளும். வால்வு பாதி திறந்தபடி ஒட்டிக்கொண்டால் டர்போ காற்றும் வீணாகும், ஏற்றத்தில் கரும்புகை தள்ளும். தக்காளி ஏற்றிக்கிட்டு விடிகாலைச் சந்தைக்குப் போகிறவனுக்கு அந்த அரை மணி நேரத் தாமதம் விலையில் தெரியும். அதனால் வால்வுக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு தகடு வெட்டி வைக்கிறான். அவனைத் திட்ட எனக்கு மனசு வரலை. புது வண்டிகளில் கம்ப்யூட்டர் காற்றை அளந்து கண்டுபிடித்து விளக்கு போட்டுவிடும். அதுக்கு மென்பொருளையே மாற்றி எழுதித் தர ஆள் இருக்கிறது. எங்க வண்டியில் வருஷம் ஒருமுறை கழற்றிச் சுரண்டிக் கழுவி மாட்டுகிறோம். ஒரு நாள் வேலை கெடும், அவ்வளவுதான்.

பட்டறைக்காரன் செய்வதை நோட்டீஸ் ஒட்டாமல் பெரிய கம்பெனிகளும் செய்திருக்கின்றன. 1998-இல் அமெரிக்க அரசு ஏழு லாரி இன்ஜின் கம்பெனிகளோடு 100 கோடி டாலருக்கு மேற்பட்ட தீர்வுக்கு வந்தது. சோதனையில் ஒழுங்காக ஓடி, நெடுஞ்சாலையில் டீசல் மிச்சம் பிடிக்கக் கணக்கை மாற்றிக்கொண்ட இன்ஜின்கள் அவை. அந்தத் தீர்வுக்குப் பிறகுதான் 2002 அக்டோபர் வாக்கில் அங்கே லாரிகளுக்குக் குளிர்விக்கும் ஈ.ஜி.ஆர். பெரிதாக வந்தது. 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வேகன் மாட்டியது. உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்கள். அதுக்குப் பிறகும் முடியலை. 15 முதல் 33 டிகிரி வெயிலில், 1,000 மீட்டர் உயரத்துக்குக் கீழே மட்டும் ஈ.ஜி.ஆர். முழுசாக வேலை செய்கிற மாதிரி எழுதிய மென்பொருள் பற்றி ஐரோப்பிய நீதிமன்றம் 2022 ஜூலையில் கண்டித்துத் தீர்ப்பு சொன்னது. அந்தக் கணக்கு நம்ம ஊர் சித்திரைக்கு வந்தால் வால்வு மத்தியானம் முழுக்கத் தூங்கும்.

நம்ம நாட்டில் டீசல் கார்களுக்கு நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு பி.எஸ். 4-இல் கிலோமீட்டருக்கு 0.25 கிராம். 2020 ஏப்ரல் 1-இல் வந்த பி.எஸ். 6-இல் 0.08 கிராம். 50 குதிரைசக்திக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கும் 2023-இலிருந்து விதி இறுகியிருக்கிறது.

நகரத்து நண்பர்களுக்கு ஒன்று சொல்லணும். வண்டிகள் நெருக்கமாக ஓடும் தெருவில் ஓசோன் பல நேரம் குறைவாகவே இருக்கும், ஏன்னா புதுப் புகையே அதைத் தின்றுவிடும். காற்றோடு நகர்ந்து, வெயில் பட்டு, ஊருக்கு வெளியே பல மைல் தாண்டித்தான் அது கூடும். அதாவது எங்க பக்கம். கோதுமை, சோயா, அவரை வகை, கீரை எல்லாம் அதுக்குச் சுலபமாக அடிபடும் பயிர்கள். இலையில் புள்ளி விழுந்தால் நாங்க மருந்துக் கடைக்குப் போவோம். எந்த மருந்தும் கேட்காது.

தகடு வைத்த வண்டியை யாராவது பிடிப்பார்களா என்றும் கேட்டிருந்தீங்க. பி.யு.சி. மையத்தில் டீசல் வண்டியின் புகைக்குழாயில் கருவியைச் சொருகி ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்வார்கள். அது அளப்பது புகையின் கருமையை. ஈ.ஜி.ஆரை அடைத்தால் கரி குறையும், வண்டி இன்னும் நல்ல மார்க் வாங்கிச் சர்டிபிகேட்டோடு வெளியே வரும். கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடை அளக்கிற வேலை அந்த டெஸ்டில் கிடையாது.