முகமும் மின்னோட்டமும்



புகைவண்டி நிலையத்தில் வண்டி வந்து நிற்கிறது. நூற்றுக்கணக்கான மக்கள் இறங்குகின்றனர். அவர்களுள் நம் தமையனார் எவர் என்பதை ஒரு நொடியில் கண்டுகொள்கிறோம். எல்லா முகங்களிலும் இரு கண்கள், ஒரு மூக்கு, ஒரு வாய். அவை அமைந்த இடமும் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் நாம் தவறுவதில்லை. இதனை எவரும் நமக்குப் பாடமாகக் கற்பித்ததும் இல்லை. எளிதில் நடைபெறுவதனாலேயே இது எத்துணை அரிய செயல் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இத்திறன் மூளையில் எங்கே உறைகிறது? மண்டையோட்டைத் திறவாமல், வெளியிலிருந்து செலுத்தும் மின்னோட்டத்தால் அதனைத் திருத்தவோ வளர்க்கவோ இயலுமா? இக்கால ஆராய்ச்சியாளர் எழுப்பும் இவ்வினாவின் பின்னே நீண்ட வரலாறு ஒன்று உண்டு.

தலைக்கு மின்னாற்றலை மருந்தாக்கும் எண்ணம் புதிதன்று. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தீராத தலைவலிக்கு உயிருள்ள மின்திருக்கை மீனைத் தலைமேல் வைக்குமாறு எழுதினார். அம்மீனிடமிருந்து பாய்வது யாதென்று அன்று எவரும் அறியார். 1791இல் இத்தாலிய அறிஞர் கால்வானி, தவளையின் தசை மின்னாற்றலால் துடிப்பதை நூலாக வெளியிட்டார். 1800இல் வோல்ட்டா மின்கல அடுக்கை அமைத்தார். அதன் பின்னரே, இடையறாத மின்னோட்டம் ஆராய்ச்சியாளர் கைக்கு எட்டியது.

கால்வானியின் உடன்பிறந்தாள் மகனான ஆல்டினி, 1803ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் இலண்டனில் ஒரு சோதனை நிகழ்த்திக் காட்டினார். கொலைக் குற்றத்திற்காகத் தூக்கிலிடப்பட்ட ஒருவனது உடலின் முகத்தில் மின்கம்பிகளை வைத்தார். தாடை நடுங்கிற்று, தசைகள் கோணின, ஒரு கண் திறந்தது. இறந்தவன் எழுந்துவிடுவானோ என்று கண்டோருட் சிலர் மருண்டனர். ஆனால், கண் திறந்ததே அன்றி, அக்கண் எதனையும் காணவில்லை.

அடுத்து வந்தவர் பிரெஞ்சு மருத்துவர் டூஷேன். அவர் ஒவ்வொரு முகத் தசையையும் தனித்தனியே மின்னாற்றலால் சுருங்கச் செய்து, நகைப்பும் அச்சமும் துயரும் எவ்வெத் தசைகளால் உண்டாகின்றன என்று ஆராய்ந்தார். முகத்தில் உணர்ச்சி குன்றிய முதியவர் ஒருவரே அவருக்குப் பெரிதும் உதவினார். அப்புகைப்படங்களுடன் 1862இல் நூல் வெளிவந்தது. பத்தாண்டுகளுக்குப் பின், 1872இல் உணர்ச்சிகளைப் பற்றி நூல் எழுதிய டார்வினும் அப்படங்களுட் சிலவற்றை எடுத்தாண்டார்.

இதுகாறும் மின்னோட்டம் பாய்ந்தது காணப்படும் முகத்தில். முகத்தைக் காணும் மூளையின் பக்கம் அறிஞர் கவனத்தை ஈர்த்தவை, பெரும்பாலும் நோயும் காயமுமே. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1947இல் ஜெர்மானிய நரம்பியல் மருத்துவர் போடாமர் ஓர் ஆய்வுரை வெளியிட்டார். அதில் கூறப்பட்ட இளைஞர் ஒருவர் தலையில் குண்டடி பட்டவர். அவருக்குக் கண் பார்வை உண்டு. ஆனால், உற்றார் முகமும் நண்பர் முகமும் கண்ணாடியில் தெரியும் தம் முகமும் அவருக்கு இன்னாருடையது என்று விளங்கவில்லை. இக்குறையை 'முக அறியாமை' எனலாம். காயம் எதுவுமின்றிச் சிறு வயது முதலே இக்குறையுடன் வாழ்வோரும் உளர். குரலாலும் நடையாலும் உடையாலுமே அவர்கள் பிறரை அறிகின்றனர். எதிர்ப்பட்ட நண்பரிடம் பேசாது சென்றால், 'முகம் கொடுத்துப் பேசவில்லை' என்ற பழியும் அவர்களைச் சேர்கிறது.

1997இல் கான்விஷர் என்னும் அமெரிக்க அறிஞரும் அவர்தம் குழுவினரும், மூளையின் அடிப்புறத்தில் நூற்புக் கதிர் போன்ற ஒரு மடிப்பில், முகங்களைக் காணும்போது மிகுதியாகச் செயற்படும் இடத்தைச் சுட்டிக் காட்டினர். 2012இல் ஸ்டான்போர்டு மருத்துவர்கள் மேலும் ஓர் உண்மையை வெளியிட்டனர். வலிப்பின் பிறப்பிடத்தை அறிவதற்காக மூளையில் மின்வாய்கள் பொருத்தப்பெற்ற நோயாளி ஒருவருக்கு, அம்மடிப்பில் மின்னோட்டம் செலுத்தியபோது, எதிரே இருந்த மருத்துவரின் முகம் உருமாறித் தோன்றியது. முகம் மட்டுமே மாறியது. ஏனையவை இருந்தபடியே இருந்தன.

இதற்காக நலமுள்ளவரின் மண்டையோட்டைத் திறக்கலாகுமோ? ஆகாது. 1980இல் மெர்ட்டன், மார்ட்டன் என்னும் இரு ஆங்கில அறிஞர், தலையின் மேலிருந்தே வலிய மின்னதிர்ச்சி ஒன்றைச் செலுத்திக் கைத்தசையை அசைத்தனர். 2000இல் ஜெர்மனியின் கெட்டிங்கன் நகரில் நிட்ஷேயும் பௌலஸும் வேறு வழி கண்டனர். ஈரப் பஞ்சின் வழியே சுமார் ஒரு மில்லிஆம்பியர் அளவுள்ள மெல்லிய நேர்மின்னோட்டத்தைச் சில நிமிடங்கள் செலுத்தினர். இது நரம்பணுவைத் துடிக்கச் செய்வதன்று. துடிப்பதற்கான ஆயத்த நிலையைச் சற்றே மாற்றுவது. படிக்கட்டில் ஏறவேண்டியவனை ஒரு படி மேலே நிறுத்திவைப்பது போன்றதாகும் அது.

இம்முறையால் முக அறிவு கூடுமா? 2015இல், ஒழுங்கின்றி மாறும் மின்னோட்டத்தால் முகங்களை வேறுபடுத்தி அறியும் திறன் உயர்ந்தது என்று ஓர் ஆய்வு கூறியது. 2016இல் மற்றோர் ஆய்வு, மூளையின் வலப் பின்புறத்தில் நேர்மின்வாயை வைத்தபோது, முகங்களை அறிதலும் நினைவிற் கொள்ளுதலும் மேம்பட்டன என்றது. பொருள்களை அறியும் திறனும் உடன் உயர்ந்ததாம். அவ்வாறாயின், அது முகத்திற்கே உரிய பயன் என்று சொல்ல இயலாது. ஆயினும் முக அறியாமை உடையோருக்கு வழி பிறந்தது என்ற நம்பிக்கை எழுந்தது.

2019இல் வந்த ஆய்வோ, இத்தகைய மின்னோட்டங்கள் எப்பொழுதும் முக அறிவை உயர்த்துவதில்லை என்று அறிவித்தது. இதனை எழுதியோருள், 2016ஆம் ஆண்டு ஆய்வில் பங்கு கொண்டவர்களும் இருந்தனர் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு முன்னரே, 2018இல், ஹங்கேரியையும் நியூயார்க்கையும் சேர்ந்த அறிஞர் இறந்தோர் உடல்களில் அளந்து பார்த்து, தலைமேல் செலுத்தும் மின்னோட்டத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 75 பங்கு தோலிலும் தசையிலும் எலும்பிலுமே குறைந்துவிடுகிறது என்று வெளியிட்டனர். 1803இலும் இறந்தவர் உடலில் மின்சாரம் பாய்ச்சினர், 2018இலும் பாய்ச்சினர். முன்னது மக்களை வியக்கச் செய்தது. பின்னது அளந்து சொன்னது. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவே அறிவியலின் வளர்ச்சி.

மாணவர்களே, மின்கலமும் கம்பியும் கடையில் கிடைக்கும். அவற்றைக் கொண்டு உங்கள் தலையில் சோதனை செய்ய முனையாதீர்கள். தோல் புண்படலாம்; மூளைக்கு என்ன நேருமென்று எவரும் உறுதி கூறார்.

அன்னையின் முகத்தை அறியாது வாடும் ஒருவருக்கு மருந்து தருவோமென்று சொல்வது எளிது. தாம் கண்ட நற்பயனைத் தாமே மீண்டும் சோதித்து, அது கிட்டாதபோது கிட்டவில்லை என்று அச்சிட்டு வெளியிடுவது அரிது. பொய்யான நம்பிக்கையிலிருந்து நோயாளியைக் காப்பது அந்நேர்மையே. உண்மையான மருந்து ஒருநாள் கிடைக்குமாயின், அதுவும் அந்நேர்மையின் வழியாகவே வந்து சேரும்.