ஒரே ஆண்டு, ரெண்டு ஜெர்மானியர்கள்... ஆதிச்சநல்லூரை கிரேக்கத்தோடு சேர்த்துப் பார்ப்போமா?

1876-ம் ஆண்டு. கிரேக்க நாட்டின் மைசீனியில் ஹைன்ரிஷ் ஷ்லீமன் என்ற ஜெர்மானியர் பழைய கல்லறைகளைத் தோண்டி, தங்க முகமூடிகளை வெளியே எடுக்கிறார். அதே 1876-ல், தாமிரபரணியின் தென்கரையில், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து ஆதிச்சநல்லூர் பரம்பில் இன்னொரு ஜெர்மானியர் தோண்டிக்கிட்டிருக்கார். பெயர் ஃபெடோர் ஜாகோர். அவருக்குக் கிடைத்தவை முதுமக்கள் தாழிகளும் இரும்பு, வெண்கலப் பொருள்களும்.

அதுக்கப்புறம் நடந்ததுதான் வித்தியாசம். மைசீனித் தங்கம் கிரேக்கத்தை விட்டு வெளியே போகவில்லை. இன்னிக்கும் ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கு. ஆதிச்சநல்லூரில் ஜாகோர் எடுத்தவை பெர்லினுக்குப் போய்விட்டன.

பண்டைய கிரேக்கக் கலைன்னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பளிங்குச் சிலை, வரிசையாகத் தூண் நிற்கும் கோயில். அதெல்லாம் பின்னாடி வந்தவை. ஏதென்ஸின் பார்த்தினான் கோயிலே கி.மு. 447-ல்தான் தொடங்கியது. அதுக்கு முன்னூறு வருஷம் முன்னாடி போனால், கிரேக்கர்களின் பெரிய கலைப்படைப்பு ஒரு மண்ஜாடி! டிப்பிலான் ஜாடி என்பார்கள். ஒன்றரை மீட்டருக்கு மேல் உயரம். உடம்பு முழுக்கக் கோடும் கட்டமும், நடுவே பிணத்தைக் கிடத்தி அழும் மனிதர்கள். ஏதென்ஸில் ஒரு பெண்ணின் கல்லறைமேல் அடையாளமாக நட்டுவைத்தது.

கிட்டத்தட்ட அதே காலத்தில், கி.மு. 9, 8-ம் நூற்றாண்டுகளில், இத்தாலியில் எட்ரஸ்கர்களின் முன்னோர்கள் எரித்த சாம்பலைத் தாழியில் போட்டுப் புதைத்தார்கள். சில தாழிகளைக் குட்டிக் குடிசை வடிவத்திலேயே வனைந்திருக்காங்க. கூரை, கதவு எல்லாம் உண்டு. செத்தவருக்கும் வீடு வேணுமே!

இப்போ நம்ம ஊருக்கு வாங்க. ஆதிச்சநல்லூர் மாதிரிகளுக்கு 2019-ல் வெளியான கரிமக் காலக்கணிப்பு கி.மு. 905, கி.மு. 696 என்கிறது. பக்கத்து சிவகளையில் தாழிக்குள் இருந்த நெல் உமி இன்னும் பழசு, கி.மு. 1155. அதாவது, மூணு ஊர்க்காரர்களும் ஒருத்தரையொருத்தர் அறியாமலே ஒரே காலகட்டத்தில் ஒரே வேலையைச் செய்துக்கிட்டிருந்தாங்க. மண்ணைக் குழைத்து, செத்தவர்களுக்காக அழகுபடுத்தினாங்க.

1899 முதல் சில ஆண்டுகள் இங்கே தோண்டிய அலெக்ஸாண்டர் ரியா எடுத்த பொருள்கள் ஆயிரத்துக்கும் மேல். அதில் வெண்கலப் பாத்திர மூடிகளைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன். மூடியின் உச்சியில் நீளமாக வளைந்த கொம்போடு ஓர் எருமை. இன்னொன்றில் பறவை. அதே நூற்றாண்டுகளில் கிரேக்கர்களும் மண்செப்பு மூடிமேல் கைப்பிடியாகக் குதிரைகளை நிறுத்தினார்கள். அங்கே குதிரை பணக்காரனின் அடையாளம். இங்கே ஆற்றங்கரை, வயல், அதனால் எருமை. இதில் ஒன்று உசத்தி, இன்னொன்று மட்டம்னு சொல்ல எதுவுமே இல்லை.

மெல்லிய தங்கத் தகட்டில் செய்த நெற்றிப்பட்டங்களும் கிடைத்தன. (செத்தவர் நெற்றியில் ஒத்த ரூபாய் வைக்கிற வழக்கம் உங்களுக்கு ஞாபகம் வரலாம். ரெண்டையும் அவசரப்பட்டு முடிச்சுப்போட வேண்டாம்!) 2004-ல் இந்தியத் தொல்லியல் துறை திரும்பத் தோண்டியபோது, ஒரு பானை ஓட்டில் பெண், பறவை, மான், முதலை எல்லாம் மண்ணாலேயே ஒட்டிவைத்த புடைப்புருவமாகக் கிடைத்தது.

சரி, இவ்வளவு திறமையானவங்க வீடு, கோயில் எதையும் கட்டலையா? கட்டியிருப்பாங்க. மரத்திலும் மண்ணிலும் ஓலையிலும் கட்டினால் எப்படி நிற்கும்? எட்ரஸ்கர்களுக்கும் இதே கதைதான். கோயில் அடித்தளம் மட்டும் கல். சுவர் பச்சைச் செங்கல், தூண் மரம், கூரைமேல் சுட்ட மண் சிற்பங்கள். கோயில்கள் போய்விட்டன. வெயி நகரத்துக் கோயில் கூரையில் நின்ற சுடுமண் அப்பல்லோ மட்டும் உடைந்த துண்டுகளாகக் கிடைத்து, இப்போ ரோமில் நிற்கிறார். எட்ரஸ்கர் வீடு எப்படி இருந்ததுன்னு தெரிஞ்சுக்க செர்வெதெரி கல்லறைக்குள்தான் போகணும். பாறையைக் குடைந்து, உத்தரம், கட்டில், தலையணை வரை கல்லிலேயே செதுக்கி வெச்சிருக்காங்க.

மரத்தைக் கல்லில் நகலெடுக்கிற இந்தப் பழக்கம் உலகம் முழுக்க உண்டு. கிரேக்கக் கோயில் தூண்களுக்கு மேலே வரிவரியாக இருக்கும் கட்டங்கள், பழைய மர உத்தரங்களின் முனையை நினைவுபடுத்துபவை என்பது நெடுநாள் விளக்கம். நம்ம மாவட்டத்திலேயே கழுகுமலை வெட்டுவான் கோயிலைப் பாருங்க. 8-ம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் மேலிருந்து கீழாகக் குடைந்து, முடிக்காமல் விட்டது. அதன் வளைந்த கொடுங்கை, ஓலைக்கூரையின் இறவாரம்தான்!

தாழிக்கும் கழுகுமலைக்கும் நடுவே ஆயிரம் வருஷத்துக்கு மேல் இடைவெளி. கிரேக்கத்தில் ஜாடியிலிருந்து பளிங்குச் சிலைவரை படிப்படியாக அடுக்கிக் காட்ட முடிகிறது. இங்கே முடியவில்லை. காரணம், இங்கே கலை இல்லாமல் போனது அல்ல. தோண்டியது கொஞ்சம், தோண்டியதும் சிதறிவிட்டது.

இத்தனைக்கும் இது ஒதுங்கிக்கிடந்த ஊரில்லை. ஆற்று முகத்துவாரத்தில் கொற்கைத் துறைமுகம். அங்கே கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 785 வாக்கில். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதிய கடல்வழிக் குறிப்பான 'பெரிப்ளஸ்', கொற்கையை 'கொல்கோய்' என்று சொல்லி, பாண்டிய நாட்டு முத்துக்குளித்தலைக் குறிப்பிடுகிறது. தண்டனைக் கைதிகளை முத்தெடுக்க இறக்கினார்கள் என்றும் சொல்கிறது.

திருப்பிக் கேட்பது நடக்காத காரியமும் இல்லை. கிரேக்கர் யூப்ரோனியஸ் வரைந்த ஒரு ஜாடியை எட்ரஸ்கர்கள் வாங்கிக் கல்லறையில் வைத்திருந்தார்கள். 1971-ல் செர்வெதெரியில் திருடர்கள் அதைத் தோண்டி எடுத்தார்கள். அடுத்த ஆண்டே நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் பத்து லட்சம் டாலருக்கு வாங்கியது. 2008-ல் இத்தாலிக்குத் திரும்பி, இப்போ செர்வெதெரியிலேயே இருக்கு. ஜாகோர் கதை திருட்டு இல்லை, காலனி ஆட்சிக்காலத்து அகழாய்வு. அதனால் சட்ட வாதம் வேறாக இருக்கும். ஆனால், பிறந்த ஊரில் பார்க்கணும் என்கிற ஆசை ஒன்றுதானே?

இப்போதைக்கு நீங்கள் பார்க்க விரும்பினால்: ரியா எடுத்த சேகரிப்பு சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில். அண்மைக்கால அகழாய்வுப் பொருள்களுக்கு, நெல்லை ரெட்டியார்பட்டியில் பொருநை அருங்காட்சியகம். ஆதிச்சநல்லூர் பரம்பு, நெல்லை - திருச்செந்தூர் சாலையிலேயே இருக்கு. மத்திய அரசின் அருங்காட்சியகத்துக்கு 2023 ஆகஸ்ட்டில் அங்கே அடிக்கல் நாட்டினார்கள். தாழிகளை இடம் மாற்றாமல், எடுத்த குழியிலேயே விட்டு மேலே கண்ணாடித் தளம் போட்டிருக்காங்க. காலுக்குக் கீழே தாழி. முதலில் குனிந்து அதைப் பாருங்க, எருமை மூடியைப் பார்க்க அப்புறம் எழும்பூருக்கு ரயில் ஏறலாம்.